கார்டு பெட்டியில் என் இடம்

மாமாவுக்கு அன்று முன்கூட்டியே தெரியுமா? என் மகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. யோசிக்கத் தொடங்கினாலே, கரி ரயிலின் கார்டு பெட்டியில் இருந்த ஜன்னலோர மரப்பலகை கண்முன் வந்துவிடும். உட்கார்ந்து எழுந்தால் பாவாடையெல்லாம் கரித்தூள்.

மாமா அம்மாவின் தம்பி. தெலங்கானாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே போட்ட குட்டி ரயில் பாதையில் ரயில்வே கார்டாக இருந்தார். சுரங்கத்தில் தொடங்கி ஜங்ஷனில் முடிந்துவிடும் பாதை. பயணிகள் வண்டி அதில் ஓடியதே இல்லை. ஆனால் எங்கள் பள்ளி ஜங்ஷனில் இருந்தது. அதனால் சுரங்கக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கரி வண்டியின் கடைசியில் வரும் கார்டு பெட்டியில் ஏற்றிக்கொள்வார்கள். எந்த விதியிலும் இல்லாத, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

ஒரு மழைக்காலக் காலை. தண்டவாளத்தோரம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்த மாமா என்னிடம் மட்டும் சொன்னார்: "பாப்பா, நீ எறங்கு. இன்னிக்கு இஸ்கூல் வேணாம்."

"ஏன் மாமா?"

"எறங்குன்னா எறங்கு."

பக்கத்து வீட்டுச் சிறுமி என் இடத்துக்கு நகர்ந்து, எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள். அன்று வழியில் ஒரு வளைவில் வண்டி தடம் புரண்டது. அவள் கால் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. அதே பெட்டியில் இருந்த மாமாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தெரிந்திருந்தால் அவர் ஏன் ஏறினார் என்று எனக்குள் வாதாடுவேன். கார்டு ஏறாமல் எப்படி வண்டி போகும் என்றும் உடனே தோன்றும். மாமாவைக் கேட்டால், "உனக்கு அன்னிக்கு உடம்பு சுட்டுதும்மா" என்பார். அம்மாவோ, "நல்லாத்தானடி இருந்த" என்பாள்.

பிறகு பிள்ளைகளை ஏற்றுவது நின்றது. சுரங்கத்தில் கரி தீர்ந்ததும் பாதையையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது மாமா எங்களோடு பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறார். மகளைப் பள்ளி வேனில் ஏற்றும்போது கூடவே வந்து வேனைச் சுற்றி நடப்பார். "என்னா தாத்தா, டெய்லி இன்ஸ்பெக்ஷனா? ஆர்டிஓவே இவ்ளோ பாக்கமாட்டான்" என்று டிரைவர் சிரிப்பார். போன வாரம் மாமா திடீரென்று, "குட்டிய இனிமே ஆட்டோல அனுப்பு" என்றார்.

"ஏன் மாமா?"

"சொன்னா செய்யேன்."

"அப்போ மத்த பிள்ளைங்க?"

காதில் விழாதவர்போல வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

டிரைவரிடம் ஜாடையாக விசாரித்தேன். "சும்னே பயப்படாதீங்க மேடம், இப்பத்தான் பிரேக் பாத்து வந்தது" என்றார் கன்னடம் கலந்த தமிழில். வேன் அவருடைய சொந்தம், அதுதான் அவர் பிழைப்பு. ஆனாலும் மறுநாள் மகளை ஆட்டோவில்தான் ஏற்றினேன். வேன் எங்களைக் கடந்து போனபோது, அவளுடைய ஜன்னலோர இடத்தில் கீழ்வீட்டுக் குழந்தை உட்கார்ந்து கையாட்டிக்கொண்டு போனது.

மற்ற அம்மாக்களிடம் நான் என்னவென்று சொல்வது? காரணமே சொல்லாத ஒரு வயதானவரின் பேச்சை நம்பி ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கலாமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கும் மாமாவுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள். வேன் தினமும் வருகிறது.