நூறுக்கு நூற்றிப்பதினெட்டு

யாழ்ப்பாணத்திலை ரியூசன் இல்லாமல் மிச்சம் கிடந்த பாடம் கோல்ப் ஒண்டுதான். அதையும் நான் விட்டுவைக்கேல்லை.

நீங்களும் ஏதாவது ஒரு பாடத்தைப் படிப்பிச்சு, தாய்தேப்பன்மாரிட்டை மாட்டுப்பட்டனீங்களெண்டால் என்ரை பாடு உங்களுக்கு விளங்கும். நான் இங்கிலாந்திலை கனகாலம் ஒரு கோல்ப் மைதானத்திலை புல்லு வெட்டினவன். பின்னேரங்களிலை வேலைக்காரரையும் விளையாட விடுவாங்கள், அப்பிடிப் பழகினதுதான் என்ரை கோல்ப். ஊருக்குத் திரும்பி வந்து, கேட்டவைக்கு "கோல்ப் மைதானத்திலை வேலை" எண்டு சொன்னன். வேறை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அடுத்த கிழமையே கோப்பாய் முழுக்க நான் கோல்ப் மாஸ்ரர்.

முதல் வந்தவ பவளக்கா. சட்டை தைக்கிறவ, புருசன் இல்லை, ஒரே மகள் சங்கவி. பிள்ளைக்கு அப்ப பதினாறு வயசு. எஞ்சினியருக்குப் படிக்கவேணுமெண்டு ஒரே பிடி. தையல் மெசினை மிதிச்சு அமெரிக்காவுக்கு அனுப்பேலாது எண்டது தாய்க்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். கனடாவிலை இருக்கிற பவளக்காவின்ரை தம்பிதான், கோல்ப் நல்லாய் விளையாடுற பிள்ளையளை அமெரிக்கன் கொலிஜ்காரர் தாங்களே செலவழிச்சுப் படிப்பிக்கிறாங்கள் எண்டு சொல்லி, தன்ரை பழைய கோல்ப் தடியளை ஒரு பெட்டியிலை போட்டு அனுப்பினவர். பவளக்கா அந்தப் பெட்டியை என்ரை முற்றத்திலை இறக்கி வைச்சிட்டுச் சொன்ன முதல் வசனம் இதுதான்: "மாஸ்ரர், ரெண்டு வருசம் இருக்கு. சிலபஸை முடிச்சுத் தாங்கோ."

கொடி

கோப்பாயிலை கோல்ப் மைதானத்துக்கு எங்கை போறது? பவளக்கா வீட்டு வேலிக்கு அங்காலை மாடு மேயிற தரவை கிடந்தது. நானும் சங்கவியுமாய் அதிலை ஆறு குழி கிண்டினம். குழி தூரத்திலை இருந்து தெரியவேணுமே. ஒவ்வொண்டுக்கும் ஒரு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டினன். கட்டேக்கை என்ரை மூளை எங்கை போச்சுதோ தெரியாது. வெறுந்தரையிலை சிவப்பைக் கண்டால் எங்கடை சனம் என்ன நினைக்கும்? அடுத்தநாள் காலமை தரவையிலை ஒரு மாடில்லை, ஒரு மனிசரில்லை. குறுக்காலை சைக்கிளிலை போறவை எல்லாரும் ரோட்டாலை சுத்திப் போயினம். மிதிவெடி எண்டு ஆரோ ஊர் அதிகாரி விதானையாருக்கும் அறிவிச்சுப்போட்டினம். அந்த மனிசன் ரோட்டிலையே நிண்டு என்னைக் கூப்பிட்டார். நான் குழியடியிலை நிண்டு துள்ளித் துள்ளிக் காட்டினாப் பிறகுதான் உள்ளுக்கை கால் வைச்சார்.

பேந்து வெள்ளைத் துணி கட்டினன். ரெண்டு பேர் சைக்கிளாலை இறங்கி, "ஆர் செத்துப்போனது?" எண்டு மெல்லமாய்க் கேட்டிச்சினம். மஞ்சளுக்கு மாத்தினன். ஒரு மனிசி செருப்பைக் கழட்டி வைச்சிட்டுக் கும்பிட்டுக்கொண்டு போறா. கோதாரி எண்டு போட்டு, பவளக்காவின்ரை வெட்டுத்துண்டுக்கை கிடந்த நீலப் பூப்போட்ட துணியை எடுத்துக் கட்டினன். அங்கை மாடு மேய்க்கிற சின்னராசா அண்ணை நிண்டு வடிவாய்ப் பாத்திட்டுச் சொன்னார்: "இது பறவாயில்லை மாஸ்ரர். இதுக்கு ஒருத்தரும் பயப்பிடவும் மாட்டினம், அழவும் மாட்டினம்."

கட்டை

அதே சின்னராசா அண்ணைதான். ஒருநாள் காலமை போய்ப் பாத்தால், மூண்டாம் குழிக்கை மாட்டுக்கட்டை இறுக்கி அடிச்சுக் கிடக்கு. கட்டையிலை கயிறு, கயித்திலை மாடு. பந்தைக் குழிக்கை விழுத்தவேண்டிய பிள்ளை மாட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது, மாடு பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணை, உதென்ன வேலை?" எண்டு தரவை அதிரக் கத்தினன். மனிசன் அசையேல்லை. "கோடைக்குத் தரை இறுகிப்போய்க் கிடக்கு மாஸ்ரர், அலவாங்கு போட்டாலும் இறங்காது. நீங்கள் அளவெடுத்த மாதிரிக் கிண்டி வைச்சிருக்கிறியள். கண்டுக்குட்டிக்கும் ஒண்டு வேணும், கொஞ்சம் சின்னனாய்க் கிண்டேலுமே?"

மாக்ஸ்

கொழும்பிலை பிள்ளையளுக்கு ஒரு போட்டி. உண்மையான புல்லிலை சங்கவி கால் வைச்சது அண்டைக்குத்தான். பதினெட்டுக் குழிக்கும் சேத்து நூற்றிப்பதினெட்டு அடி. கடைசி ஆள். நான் பஸ்ஸிலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாறன். பிள்ளை தாய்க்குப் போன் எடுத்து, "நூற்றிப்பதினெட்டு அம்மா" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டாள். நாங்கள் வந்து இறங்கேக்கை பவளக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சு, அக்கம்பக்கத்துக்குக் கேசரியும் குடுத்து முடிச்சிட்டா. நூறுக்கு நூற்றிப்பதினெட்டு! கோப்பாயிலை இதுவரைக்கும் ஆர் எடுத்தது?

இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினன். அக்கா, இது மாக்ஸ் இல்லை. எத்தினை தரம் அடிச்சுக் குழிக்கை போட்டதெண்ட கணக்கு, குறையக் குறையத்தான் நல்லது எண்டு. வடிவாய்த் தலையாட்டினா. பிறகு சங்கவி ஒவ்வொரு போட்டியாய்ப் போய்த் தொண்ணூற்றாறுக்கு இறங்கி, எண்பத்தஞ்சுக்கும் இறங்கினாள். எனக்கெண்டால் தலைகால் தெரியாத புளுகம். பவளக்கா படலையடியிலை நிண்டு என்னை முறைக்கிறா. உங்களிட்டை விட்டாப் பிறகு பிள்ளை இறங்கிக்கொண்டே போறாள், வேறை மாஸ்ரரைப் பாப்பமோ எண்டு யோசிக்கிறன் எண்டா. வேறை மாஸ்ரர்! இந்தக் குடாநாட்டிலை! நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு திரும்பவும் முதலிலை இருந்து விளங்கப்படுத்தினன். முழுக்கப் பொறுமையாய்க் கேட்டிட்டு மனிசி ஒரு கேள்வி கேட்டா: "அப்ப பிள்ளை போட்டிக்கே போகாமல் வீட்டிலை இருந்தால் சைபர். அவள்தானே முதலாம் பிள்ளை?"

சப்பாத்து

குழியைச் சுத்தித் தரை மட்டமாய் இருந்தால்தான் பந்து உருளும். இங்கிலாந்திலை எண்டால் புல்லை ஒட்ட வெட்டி விடுவம். தரவையிலை அந்தப் புல்லுக்கு எங்கை போறது? நெல்லுச் சூடு அடிக்கிற களத்துக்குச் செய்யிற மாதிரி மண்ணை இறுக்கி, சாணகம் கரைச்சு மெழுகினம். கண்ணாடி மாதிரி வந்துது. ஆனால் செருப்புக்கால் பட்டால் பேர்ந்துபோகும். அதாலை, கரையிலை கழட்டிப்போட்டுத்தான் ஏறவேணும் எண்டு கண்டிப்பாய்ச் சொல்லி வைச்சிருந்தன்.

அமெரிக்கன் கொலிஜுகளுக்குக் காட்டவேண்டிய பெரிய போட்டி வந்துது. கொழும்பு மைதானம், பெரிய பெரிய ஆக்கள். சங்கவி முதல் குழியடிக்கு வந்தவுடனை சப்பாத்தையும் காலுறையையும் கழட்டிக் கரையிலை ஒழுங்காய் அடுக்கி வைச்சிட்டு, வெறுங்காலோடை புல்லிலை ஏறினாள். பழக்கதோசம்! நான் தூரத்திலை நிண்டு கையைக் காலை ஆட்டுறன், பெட்டை திரும்பிப் பாத்தாலெல்லோ. ஒவ்வொரு குழியடியிலும் இதே வேலை. நடுவர் வந்து பாத்தார், தலையைச் சொறிஞ்சார், வெறுங்கால் கூடாதெண்டு சட்டத்திலை இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போனார். நாலாம் குழியிலை அவளோடை விளையாடின பிள்ளையும் தன்ரை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுது.

அண்டைக்கு சங்கவி எழுபத்தொன்பது. எண்பதுக்குக் கீழை வந்தது அதுதான் முதல்தரம். எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடினது, சொல்ல வெக்கமில்லை. பக்கத்திலை நிண்ட ஒரு கொழும்புத் தகப்பன், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய், மெல்ல என்ரை காதடிக்கு வந்தார்: "ஐயா, இது எந்தக் கோயிலுக்கு வச்ச நேர்த்தி? எங்கட மகளுக்கும் வைக்கலாமா?"

ஒரே இடம்

சங்கவி எழுதிப் போட்ட கொலிஜ் எல்லாம் கையை விரிச்சிட்டுது. ஒண்டு மட்டும் மிச்சம். அங்கத்தைக் கோச் ஒரு அம்மா. இடம் ஒண்டு, கேக்கிற பிள்ளையள் ரெண்டு எண்டு பதில் போட்டா. மற்றப் பிள்ளைக்கும் எழுபத்தொன்பதுதான், ஆனால் நடக்கப் பழகின நாளிலை இருந்து நல்ல மைதானத்திலை விளையாடினவளாம். ரெண்டு பேரோடையும் வீடியோவிலை கதைச்சிட்டு முடிவு சொல்லுறன் எண்டா. இதுவும் போனால் சங்கவிக்கு எஞ்சினியர் படிப்பு இல்லை. அது எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும்.

கதைக்கிற அண்டைக்கு எங்களுக்கு விடிஞ்ச கையோடை, அவவுக்கு இரவு. பவளக்கா நல்ல சீலை உடுத்து, திருநீறும் பூசிக்கொண்டு இருந்தா. பிள்ளை நல்லாய்த்தான் கதைச்சாள். கடைசியிலை கோச் அம்மா, "தாய் ஏதாவது சொல்ல விரும்புறாவோ?" எண்டு கேட்டா. நான் மேசைக்குக் கீழாலை பவளக்காவின்ரை காலை மிதிச்சன். ஆர் கேக்கிறது? "மிஸ், இந்த எழுபத்தொன்பதைப் பாத்துப் பிள்ளையைக் குறைச்சு நினைக்காதையுங்கோ. இவள் கெட்டிக்காரி, முந்தி நூற்றிப்பதினெட்டு எடுத்தவள். இந்த மாஸ்ரர்தான் இறக்கிப்போட்டார்." மறைக்கத் தெரியாத பெட்டை அதை ஒரு சொல்லும் விடாமல் இங்கிலீசிலை சொல்லிப்போட்டாள். துலைஞ்சுது எல்லாம் எண்டு நினைச்சன். எனக்கு வந்த கோவத்திலை கதிரையை விட்டே எழும்பியிட்டன்.

"எப்ப அந்த நூற்றிப்பதினெட்டு?" எண்டு கேட்டா கோச் அம்மா. "போன வருசத்துக்கு முதல் வருசம்" எண்டாள் சங்கவி. "எந்த மைதானத்திலை பழகினனீர்?" பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்காலை தரவைக்கு ஓடினாள். நீலப் பூக்கொடியைக் காட்டினாள், சாணகம் மெழுகின வட்டத்தைக் காட்டினாள், கட்டையிலை நிண்ட சின்னராசா அண்ணையின்ரை மாட்டையும் காட்டினாள். அந்த அம்மா மற்றக் கோச்மாரைக் கூப்பிட்டு, அவையும் வந்து எட்டிப் பாத்தினம். மற்றப் பிள்ளை கனகாலமாய் எழுபத்தொன்பதிலையே நிக்கிறாள், இவள் மாட்டுக்குப் பக்கத்திலை நிண்டே இவ்வளவு இறக்கினவளோ எண்டு தங்களுக்கை கதைச்சினம். அடுத்த கிழமை பதில் வந்துது. நாலு வருசம், முழுச் செலவும் அவையின்ரை. சங்கவி மண்ணிலை இருந்து விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதன். பவளக்கா மட்டும் அழேல்லை. கேசரித் தட்டோடை நேரை என்னட்டை வந்தா: "பாத்தியளே மாஸ்ரர்? நீங்கள் காலை மிதிச்சனீங்கள். நான் அந்த நூற்றிப்பதினெட்டைச் சொல்லாட்டில் பிள்ளைக்கு இடம் கிடைச்சிருக்குமே?"

இப்ப என்னட்டைப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாற தாய்மார் எல்லாரும் முதல்நாளே நூற்றிப்பதினெட்டுத்தான் கேக்கினம். அதை எடுத்துக் குடுக்கிறது மட்டும் எனக்கு லேசான வேலை.