தரந்தோவின் படுவான்கரை

நல்லரெத்தினம் அண்ணன் காலமான செய்தி, செட்டிபாளையத்துச் சலூனில் நான் பாதி முகம் மழித்தபடி இருந்தபோது வந்தது. தொலைபேசியில் பேசியவர் அவர் மனைவி யோகம்மா அண்ணி. "தம்பி, அண்ணன் விடியப் போயிட்டார். அந்தக் கொப்பி உங்களுக்குத்தானாம்." மற்றப் பாதியை மழிக்காமலே பெரியகல்லாற்றுக்குப் புறப்பட்டேன்.

அண்ணன் கைப்பட எழுதிய அந்த நோட்டுக் கொப்பியை அறிந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். தென் இத்தாலியில் தரந்தோ என்ற கடலோர நகரத்தில் பதினொரு வருடம் மட்டிச் சிப்பி வளர்ப்பில் கூலி வேலை செய்தவர் அண்ணன். அந்த ஊரின் வரலாற்றையும் புவியியலையும் தமிழில் எழுதிக்கொண்டு திரும்பினார். கிரேக்கர் குடியேறியது, ரோமர் பிடித்தது, உள்கடலின் அடியில் நன்னீர் ஊற்றுப் பொங்குவது, அதனால் மட்டி ருசிப்பது எல்லாம் அதில் உண்டு.

எங்கள் ஊர் நூல் வெளியீட்டுக் குழுவில் நானும் இருந்தேன். அச்சிடக் கேட்டு அண்ணன் கொப்பியை எங்களிடம் கொண்டுவந்தார். "நம்மட ஊரை எழுதாம, ஆர்ர ஊரையோ ஏன் எழுதினீங்க?" என்று கேட்டவன் நானேதான்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "போர்த்துக்கேயன் வந்து நம்மள எழுதினான், ஒல்லாந்தன் எழுதினான், வெள்ளைக்காரன் எழுதினான். ஒருத்தனும் நம்மளக் கேட்டு எழுதல்ல. நான் அவங்கட பக்கத்து ஊரொண்ட எழுதினா மட்டும் குத்துதா மனே?"

பிறகு கொப்பியில் அவர் வரைந்திருந்த வரைபடத்தில் பிடித்துக்கொண்டோம். தரந்தோவின் பழைய நகரம் ஒரு தீவு. நம் புளியந்தீவு போலப் பாலங்களால் கரையோடு சேர்ந்தது. அதன் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை, மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று, நம் வாவிக்கரைகளின் பெயரையே போட்டிருந்தார். 'பிழை, திருத்தித் தரவும்' என்று எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து என்னுடையது.

"அங்கயும் சூரியன் எழும்பித்தான் படுகுது. திருத்த ஏலா." முடியாதென்றுவிட்டு, அண்ணன் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏழு வருடம் அதை யாருக்கும் காட்டவில்லை. என்னோடு பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்றால் முன்னால் படம், உள்ளே தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். உறவினரும் அதையே கேட்டார்கள். அண்ணி விடவில்லை. "தேவாரம் எல்லார் வீட்டிலயும் கிடக்கு. அவர்ர கொப்பியப் போடுங்க."

ஆகவே உங்கள் கையிலுள்ள இந்த மலரில் ஓர் இத்தாலிய நகரம் முழுதாக இருக்கிறது. செத்த வீட்டு மலரில் இதென்ன கூத்து என்பவர்கள் என்னிடம் வரட்டும். ஏழு வருடம் பிந்தி வந்தவன் நான். இனி ஒரு வரியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன கிழமை அச்சகத்தில் கணினியில் இருந்த பெண் வரைபடத்தைப் பார்த்துத் தயங்கினாள். "சேர், இத்தாலியில எப்படிப் படுவான்கரை வரும்? திருத்தட்டா?"

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட இரண்டு சொல்லை அவளுக்குச் சொன்னேன்.

"திருத்த ஏலா."