இட்லித் தட்டு வழியே சூரியன்

அன்னம்மாவுக்கு வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. சிங்கப்பூரின் தேசிய தின ஒத்திகைக்காகப் போர் விமானங்கள் பறந்தால் போதும், அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்சந்துக்கு ஓடிவிடுவாள். தீபாவளி விளக்கு போடும் முதல் மாலையில் சிராங்கூன் சாலை ஓரத்தில் முதல் ஆளாக நிற்பாள். தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் இட்லி ஊற்றுகிற சைவச் சாப்பாட்டுக் கடை லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முதலாளி செல்லக்கண்ணு எல்லோரிடமும் சொல்வார், அன்னம்மா லீவு கேட்டதே கிடையாது, பத்து நிமிஷம்தான் கேட்பாள் என்று.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கண்புரை வந்தது. இட்லிப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி, கலையாமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது உலகம். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 2019 நவம்பரில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். கட்டுப் பிரித்த அன்று வீடு திரும்பும் பேருந்தில் கண்ணில் பட்ட கடைப் பெயரையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வேலாயுதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஜனவரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பட்டப்பகலில் சூரிய கிரகணம். நிலா நடுவில் உட்கார்ந்துகொள்ள, சூரியன் வெறும் வளையமாக நிற்குமாம். சிங்கப்பூரில் அடுத்த முறை பார்க்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆகுமாம். அன்னம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கண் டாக்டரிடமே போய்க் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றார் அவர். பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைக் கொளுத்துவது போல, கண்ணுக்குள் இருக்கிற விழித்திரையைச் சூரியன் கொளுத்திவிடும், வலிகூட இருக்காது, அதனால் தெரியவும் தெரியாது என்றார். அதற்கென்றே செய்த கிரகணக் கண்ணாடி இருந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அன்னம்மாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் நன்றாக விழுந்தது. ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை செய்யும் மகள் அனுப்ரியா, இரண்டு கண்ணாடி வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டாள்.

கிரகணத்தன்று பதினோரு மணிக்கே செல்லக்கண்ணு அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். கிரகணம் விடும்வரை சமையல் கிடையாது. சாம்பார் அண்டா மேலும் மாவுப் பாத்திரம் மேலும் தர்ப்பைப்புல் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் முணுமுணுத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் பின்சந்தில் கூடிவிட்டார்கள். பக்கத்துக் கைபேசிக் கடை அஹமது கபீரும் தன் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். ஜூரோங் கப்பல் பட்டறைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஓட்டுபவர் வேலாயுதம். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே அவருக்குப் பொழுது சும்மாதான். ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து சேர்ந்தார். அதில் தண்ணீர் ஊற்றி, கை நிறைய மஞ்சள்தூளைக் கரைத்துச் சந்தின் நடுவில் வைத்தார். கிரகணம் என்றால் அவர் வீட்டில் இப்படித்தான் பார்ப்பார்கள்.

பன்னிரண்டரைக்கு மகளின் குரல் செய்தி வந்தது. "மா, எங்க தேடியும் கிடைக்கல, எல்லாம் சோல்ட் அவுட் லா. மேல மட்டும் பாத்துடாதீங்க, ப்ளீஸ்."

அன்னம்மாவின் முகம் விழுந்துவிட்டது. வேலாயுதம் சிரித்தார்.

"மேல பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னா? நாம கீழதானே பாக்கப்போறோம். வா அன்னம்."

நியாயமாகத்தான் பட்டது. குனிந்தாள். மஞ்சள் தண்ணீரில், ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் மாதிரி சூரியன் மிதந்தது. பார்த்தது ஒரு மூச்சு நேரம்தான். சுருக்கென்று கூச, கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் அது இருந்தது, பச்சைக் காசு மாதிரி. திறந்தால் சுவரிலும் இருந்தது. கபீர் முகத்திலும் இருந்தது.

கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் காசு. கிடைத்து முழுசாக இரண்டு மாதம் ஆகாத கண். பார்க்கக் கூடாது என்று சொன்னதைப் பார்த்தாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். காசு ஊதாவாகி, வெளிறி, ஓரம் கரைந்து, ஒருவழியாகப் போயிற்று. தேதி தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்து ராகு காலமும் தெரிந்தது. அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

இனி அண்ணாந்து பார்ப்பதுமில்லை, குனிந்து பார்ப்பதுமில்லை என்று முடிவெடுத்தாள். அந்த முடிவு ஐந்து நிமிடம் தாங்கியது. வெளியே வெயில் நிறம் மாறிக்கொண்டிருந்தது. உச்சிவேளைதான், ஆனால் யாரோ அதைத் தண்ணீர் விட்டு அலசின மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம். சந்தில் ஆட்களின் குரல் ஏறியது. காது கேட்கிற தூரத்தில் உலகமே வேடிக்கை பார்க்கிறது, அவள் மட்டும் ஸ்டூலில்.

கழுவி வைத்த இட்லித் தட்டு ஒன்று கையில் அகப்பட்டது. ஆவி ஏறுவதற்காகக் குழிக்குக் குழி சிறு துளைகள் இட்ட பழைய தட்டு. புத்தி கெட்டு அண்ணாந்து பார்த்துவிடாமல் இருக்க, அதைக் குடைபோல நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி வெளியே வந்தாள்.

தரையில் அவள் நிழல். அதற்குள் தட்டின் நிழல். தட்டின் நிழலுக்குள் துளைத் துளையாக வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில், பிறைகள். இத்தனூண்டு பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வெட்டிப்போட்ட நகம் மாதிரி. தட்டை ஆட்டினாள். பிறைகளும் ஆடின.

"கபீர் தம்பி, இங்க வாங்க. தரையைப் பாருங்க."

கபீர் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தட்டை அசையாமல் நிறுத்தினார். அப்புறம் சந்தே அவள் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவர் தன் சட்டையில் பிறை விழுகிற மாதிரி வந்து நின்றார். செல்லக்கண்ணு உள்ளே ஓடி மிச்சத் தட்டுகளையும் அள்ளிவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். வேலாயுதம் மட்டும் தாம்பாளத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, அதை விட்டுட்டு இங்க வாங்க. இதுல கண்ணு கூசலை."

"நீ இங்க வா. இதுலதான் அசல் தெரியுது."

இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட வாயெடுத்தபோது பிறைகளின் முனைகள் ஒன்றையொன்று தேடி நீண்டன. நீண்டு, தொட்டு, மூடிக்கொண்டன. சிமெண்டுத் தரை முழுக்க வளையம். சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டி கவிழ்ந்துவிட்டது போல வளையம். அன்னம்மா தட்டை ஒரு கைக்கு மாற்றி, மறு கையை வெளிச்சத்தில் நீட்டினாள். மாவுக்குள்ளேயே கிடப்பதால் மோதிரமே போடாத விரல்மேல் ஒரு வளையம் வந்து உட்கார்ந்தது. வெறும் சூரியன். எடையே இல்லை. அவள் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

இரண்டு நிமிடத்தில் வளையங்கள் பிளந்து மறுபடி பிறையாயின. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

வேலாயுதம் அன்று மாலை ஜூரோங்கில் பஸ்ஸை எடுக்கவில்லை. இருக்கையில் ஏறி உட்கார்ந்தவருக்கு முன்னால் நின்ற வண்டியின் எண்பலகையில் நடு எண்கள் இல்லை. வேறு எங்கே பார்த்தாலும், பார்க்கிற இடத்தில் ஓர் அழுக்குப் புள்ளி. சாவியைக் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் வீடு வந்தார். மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அன்னம்மாவின் கண்ணில் காயம் ஒன்றுமில்லை, கூசியதும் விலகியது அவள் அதிர்ஷ்டம் என்றார். வேலாயுதத்தின் இரண்டு கண்ணிலும் நடுவில் சிறு தீக்காயம். மஞ்சள் கரைத்தாலும் தண்ணீர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான், சூரியனைத் திருப்பி அனுப்பும் என்றார். மருந்து கிடையாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.

வரும் வழியில் வேலாயுதம் மனைவியை உற்றுப் பார்த்தார். "முடி தெரியுது, தோடு தெரியுது. மூக்குத்தியைப் பாத்தா மூக்குத்தி இல்லை."

அன்னம்மா பேருந்து ஜன்னலுக்கு வெளியே வந்த கடைப் பெயரையெல்லாம் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இந்த முறை அவருக்கு வெட்கமாக இல்லை.

தைப்பூசம் வந்தது. சிராங்கூன் சாலை ஓரத்தில், கூட்டத்தின் முன்வரிசையில், நுனிக்காலில் நின்று அன்னம்மா அவருக்கு ஒவ்வொரு காவடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மயிலிறகு இத்தனை, அலகு இத்தனை, இந்தப் பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. வேலாயுதம் காவடியைப் பார்க்கவில்லை. வெகுநேரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னம். மூக்குத்தி தெரியுது."

அவள் காவடியை விட்டுத் திரும்பினாள். "முழுசாவா?"

"மங்கலா இருக்கு. ஆனா இருக்கு."

அவர் கையை எட்டிப் பிடித்தாள். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அது எங்கயும் போயிடாது. அங்க பாருங்க, பெரிய காவடி வருது."