இருபத்திரண்டு நிமிடங்களுக்கு ஓர் உரிமையாளர்

எங்கள் விமான நிறுவனத்தின் நடைமுறை நூலில் ஒரு விதி உண்டு: "புறப்பாட்டுத் தாமதத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பிரிவு பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாமல் எந்தத் தாமதத்தையும் முடித்துவைக்கக் கூடாது." அதன் கீழே சிறிய எழுத்தில் இன்னொன்று: "ஆட்சேபத்தில் உள்ள தாமதத்தை, தலைமை அலுவலகத்தின் பதில் வரும்வரை யார் பெயரிலும் பதியக் கூடாது." முதல் விதியை எல்லோரும் படித்திருந்தார்கள். இரண்டாவதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

கோவை விமான நிலையத்தில் டியூட்டி மேனேஜராக இருந்தேன். வீடு பல்லடத்தில். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தனியார் பஸ் கண்டக்டர்கள் ஒரு நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவேன். அதே சண்டையை நாங்கள் மின்னஞ்சலில், "அன்புடன்" என்று முடித்துப் போடுவோம். அது ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் சண்டைக்கு டிலே கோட் என்று பெயர். தாமதத்துக்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனைக்கும் ஓர் எண். விமானம் கிளம்பியதும் அந்த எண்ணை யார் தலையில் கட்டுவது என்பதே அடுத்த ஒரு மணி நேரத்து வேலை. லோடிங் சூப்பர்வைசர் சொல்வார், "எரிபொருள் வண்டி குறுக்கால நின்னுதுங்க, நான் எந்தப் பக்கம் பெட்டியை ஏத்தறது?" எரிபொருள்காரர் சொல்வார், "கேப்டன் கடைசி நேரத்துல அளவை மாத்துனாருங்க." கேப்டன் எதுவும் சொல்ல மாட்டார். அவர் எழுதுவார். அவர் எழுதியதுதான் தலைமை அலுவலகத்துக்கு முதலில் போய்ச் சேரும்.

அன்றைய மதியம்

டெல்லி விமானம் இரண்டு பத்துக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பியது இரண்டு முப்பத்திரண்டுக்கு. கேப்டனின் குறிப்பு ஒரே வரி: "பயணிகளை ஏற்றுவது தாமதமாகத் தொடங்கியது." அந்தக் கோட், பயணிகளை விமானத்துக்கு அனுப்பும் கேட் பிரிவுக்கு உரியது. அன்று கேட்டில் இருந்தவள் செல்வி.

செல்வியின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. செல்வி எங்களிடம் ஒப்பந்த ஊழியர். மூன்று மாதத்தில் மூன்று தாமதங்கள் பெயரில் விழுந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. ஒன்று பயணிகளை விமானத்துக்கு ஏற்றிச்செல்லும்போது பஞ்சரான பஸ், இன்னொன்று வராத வீல்சேர். இது மூன்றாவது.

"சார், பஸ் ரெடி, பேசஞ்சர் ரெடி, நானும் ரெடி" என்றாள். "ஃபிளைட்டுக்குள்ள ஏர் ஹோஸ்டஸ் ஒருத்தரும் இல்ல. பூட்டுன வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பச் சொல்லுதீங்களா?"

அவள் சொன்னது சரி. கேபின் குழு உள்ளே போய், சோதனை முடித்து, சரி என்று சொன்ன பிறகுதான் பயணிகளை அனுப்ப வேண்டும். குழுவே வராவிட்டால் ஏற்றுவது தாமதமாகத்தான் தொடங்கும். கேப்டன் எழுதிய வரியில் ஒரு சொல் பொய் இல்லை. முழு உண்மைதான், முதல் பாதியை மட்டும் காணோம்.

கேப்டன் சென்னைக்காரர். அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

"நானும் கோ-பைலட்டும் டைமுக்கு வந்துட்டோம் சார். கேபின் குழு வேற வண்டி."

"அதை எழுதலாமே."

"அது கேபின் சர்வீஸ் பிரிவு பிரச்சினை. நான் எதுக்கு நடுவுல? போர்டிங் லேட். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கிளம்பின பிறகு முடிஞ்ச அளவு வேகமா ஓட்டினேன், அதுக்கு ஒரு கோட் இருந்தா குடுங்க."

கேபின் குழு ஏன் தாமதம் என்று அவர்கள் பிரிவுக்கு எழுதினேன். "அவினாசி சாலையில் நெரிசல்" என்று பதில் வந்தது. அவினாசி சாலையில் நெரிசல் என்றால் மறுக்க யாரால் முடியும்? ஆனால் குழு தங்கிய ஓட்டல் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. நடந்தே வந்துவிடலாம். அவினாசி சாலையில் அவர்களுக்கு என்ன வேலை?

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நான் எழுதிய சீட்டு

எங்கள் ஊருக்கு வரும் விமானக் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு தங்கினால், மறுநாள் காலையில் வண்டி பிடித்து அவினாசி வழியாகத் திருப்பூருக்குப் போய், ஏற்றுமதியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். எந்தக் கடை நல்ல கடை என்று என்னைக் கேட்பார்கள். என் மச்சினன் பழனிசாமியின் கடை அங்கே காதர்பேட்டையில் இருக்கிறது. அந்த விமானத்துக்கு முந்தின நாள் கேபின் சீனியர் அம்மணி கேட்டபோது, ஒரு துண்டுச் சீட்டில், "வேண்டியவர்கள். பார்த்துச் செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது நான்தான்.

மச்சினனுக்கு போன் போட்டேன்.

"ஆமாங்க மாமா, நாலு பேரு வந்தாங்க. தங்கமான ஆளுங்க. ஆளுக்கு எட்டு, பத்துன்னு எடுத்தாங்க. நேரமே கிளம்பீட்டாங்க."

"நேரமே கிளம்புனாங்களா?"

"கிளம்புனாங்க. அவினாசி போயி மறுக்கா திரும்பி வந்தாங்க. அந்தப் பெரியம்மணி எம் சைஸ் எடுத்துட்டுப் போயிருச்சுங்க. எல்லாம் யூரோப்புக்கு வெட்டுன அளவு. அவுங்க எம்மு நம்மூருக்கு எக்ஸ்எல்லுங்க. வண்டில வெச்சுப் புடிச்சுப் பாத்துருக்கும்போல. மாத்திக் குடுத்து டீயும் குடுத்தனுப்புனனுங்க."

"மாப்ளே, உன் கடையில பெரிசா ஒரு போர்டு மாட்டியிருக்கியே."

"ஏனுங்க, 'விற்ற சரக்கு மாற்றப்பட மாட்டாது'ங்குறதுங்களா? அது மத்தவங்களுக்குங்க மாமா. நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புன ஆளுங்க. போர்டைக் காட்டுனா ஊட்டுல அக்கா என்னைச் சும்மா உடுமா?"

முப்பது வருடம் விதி விதி என்று எல்லோரையும் படுத்தியவன் நான். அன்று ஒரு பனியன் கடைப் போர்டின் விதி மீறப்படாமல் இருந்திருந்தால் டெல்லி விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். மீறவைத்தது என் கையெழுத்து.

ஆட்சேபம்

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினேன். நடந்ததை வரிசையாகச் சொல்லி, மச்சினனிடமிருந்து சீட்டை வாங்கி நகலெடுத்து இணைத்து, "இந்த இருபத்திரண்டு நிமிடங்களைக் கேட்டின் பெயரில் பதிய வேண்டாம். கேபின் சர்வீஸ் ஏற்காவிட்டால் என் பெயரில் பதியவும்" என்று முடித்தேன்.

செல்வி நகலைப் படித்தாள். "ரிடையர் ஆவுற நேரத்துல உங்களுக்கு எதுக்கு சார் இது?"

"நிமிஷம் என்னுடையதும்மா."

"அப்போ அந்த டி-ஷர்ட்டு?"

"அது அந்த அம்மணியுடையது. இப்போ அளவு சரியா இருக்காம்."

செல்வி சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது.

ஆட்சேபம் நிலுவையில் இருந்ததால் மூன்றாவது தாமதத்தை அவள் பெயரில் பதிய முடியவில்லை. இரண்டோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இனி பதில் எப்படி வந்தாலும் வரட்டும் என்று நான் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டுக்கே பாதகமாக வந்தால் அந்தத் தாமதம் பழைய தேதியில் போய் ஏறிக்கொள்ளும். ஆகவே நான் நினைவூட்டல் அனுப்பத் தொடங்கினேன். ஒவ்வொரு நினைவூட்டலோடும் புதிதாக ஓர் இணைப்பு வைப்பேன். ஒரு முறை வண்டியின் டிரிப் ஷீட், ஒரு முறை கடைப் போர்டின் புகைப்படம். புதிய இணைப்பு வந்தால் கோப்பு முதல் மேஜைக்குத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. தலைமை அலுவலகம் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், அதை என்னால் மெதுவாக்க முடிந்தது. செல்வியின் ஒப்பந்தம் இன்னொரு முறையும் புதுப்பிக்கப்பட்டது. பிறகு தேர்வெழுதி நிரந்தரமானாள். இப்போது டியூட்டி ஆபீசர். நான் ஓய்வுபெற்றுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாமதத்துக்குக் காரணம் தேடும்போது வரிசையில் கடைசியாக நிற்பவர் மேல்தான் எல்லோர் கையும் நீளும். அவர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். வரிசையின் தலைமாட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே நீங்களே நின்றுகொண்டிருக்கவும் கூடும்.

சென்ற வாரம் செல்வி போன் செய்தாள். "சார், உங்க லெட்டருக்குப் பதில் வந்துருக்கு. படிக்கட்டுமா?"

படித்தாள்: கேட் பிரிவுக்கு இதில் பொறுப்பில்லை. கேபின் சர்வீஸ் பிரிவு பொறுப்பேற்க மறுத்துவிட்டது. பொறுப்பை ஏற்க முன்வந்த அதிகாரி தற்போது பணியில் இல்லாததால் அவர் பெயரிலும் பதிய இயலாது. ஆகவே இந்தத் தாமதம் பொறுப்பாளர் இன்றி முடித்துவைக்கப்படுகிறது.

"விதிப்படி அப்படி முடிக்கக் கூடாதே சார்" என்றாள் செல்வி. "ஆட்சேபம் எழுதட்டுமா?"

வேண்டாம் என்றேன். தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். நான் ஓய்வுபெற்ற நாளுக்கு மறுநாள்.