தொப்பி சட்டைப்பையில் இருந்தது

மாலை ஆறு பதினேழு. மஃரிப் தொழுகைக்கான பாங்கின் முதல் சொல் ஒலிபெருக்கியில் எழுந்தபோதுதான் எங்கள் ஸ்கூட்டி அந்த மனிதரை இடித்தது. மகள் ஓட்டினாள், நான் பின்னால் இருந்தேன். சம்மாந்துறைக்குப் போகும் வயல் வீதி. எதிரே மேற்கு வானம் இன்னும் வெளுத்திருக்க, கீழே தாரும் வரம்பும் வாய்க்காலும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. மம்மல் என்போமே, அந்த நேரம். முன்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த மம்மலில் அது எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான்.

அவர் சாம்பல் நிறச் சட்டையும் அதே நிறச் சாரனும் உடுத்திருந்தார். பள்ளிவாசல் பக்கம் கடப்பதற்காக வீதியோரத்தில் அசையாமல் நின்றவர், பாங்கு கேட்டதும் அடி எடுத்து வைத்துவிட்டார்.

அவரை மதகுக் கட்டில் இருத்தினோம். வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. கூடிய ஆண்களில் ஒருவர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஒருவன் சாவியைப் பிடுங்கினான்.

“கண் பொட்டையா புள்ள? போனப் பாத்துக்கிட்டுத்தானே வந்த?”

போன் என் கைப்பையில் கிடந்தது. சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. பொலிசுக்கு அடிக்கச் சொல்லி ஒருவர் மற்றவரை ஏவினார். மகளுக்கு ஆசிரியர் நியமனம் வர இருந்தது. வழக்கொன்று விழுந்தால் அது என்னவாகும்?

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பயத்தில் என் வாய் வகுப்பறைக்குப் போய்விட்டது. வெளிச்சம் குறையக் குறைய, கிட்டத்தட்ட ஒரே நிறமான இரண்டு பொருட்களைக் கண்ணால் பிரித்தறிய முடியாது என்றேன். நேரே பார்த்து ஓட்டுகிறவருக்கு ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஆள் வீதியோடு வீதியாகிவிடுவார், வெள்ளையாக ஏதாவது இருந்தால்தான் கண்ணில் படும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய வெள்ளைத் தொப்பி, பள்ளி வாசலில் வைத்துப் போட்டுக்கொள்வதற்காக மடித்து வைத்தது, சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே தெரிந்தது. அந்த வீதியில் வெள்ளையாகத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

“அவர் தொப்பி போட்டிருந்தா மகள் கண்டிருப்பா” என்றேன்.

நான் சொன்னது நிறத்தை. அவர்கள் காதில் விழுந்தது வேறு.

“தொப்பி போடாதவன இடிச்சாக் குத்தமில்லயோ, டீச்சர்?”

பின்னாலிருந்து ஒருவன், டீச்சர் ஃபத்வா குடுக்கிறா என்றான். சிரித்தார்கள். யாரோ ஸ்கூட்டியின் கண்ணாடியை உதைத்து உடைத்தார்கள். அடிபட்டவர் என்னைப் பார்க்காமல், இடது கையால் தொப்பியை எடுத்து விரித்துத் தலையில் வைத்துக்கொண்டார். அவர்களின் ஏச்சைவிட அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பொலிசுக்கு நம்பர் அடிக்கும் சத்தம் கேட்டபோது, என் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கறுப்பு அபாயாவில் ஒரு பெண். அடிபட்டவரின் மனைவி.

“நான் வந்து எவ்வளவு நேரம். இந்த டீச்சருக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். ஒத்தரும் காணல்ல. அப்ப உங்கட கண்ணும் பொட்டைதான். அந்தப் புள்ளைக்கிட்டச் சாவியக் குடுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் இரக்கம் துளியும் இல்லை.

“நீங்க தொப்பிக் கதைய உட்டுட்டு, ஓட்டோ ஒன்டப் புடிங்க. மனிசன்ட கை உடைஞ்சு கிடக்கு.”