அக்கா கேட்ட காலடி

கொலுசுச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஆட்டுக்கு மணி கட்டுவதுபோல இது எதற்கு என்று எரிந்து விழுவேன். அப்படிப்பட்டவள் இன்றைக்கும் காலில் கொலுசோடு திரிகிறேன் என்றால் அதற்குக் காரணம் அக்காதான்.

எங்களுக்கு விக்கிரமங்கலம். எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவைப் பாடாலூர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஒரு கண் மங்கியது, தானாகவே தெளிந்தது. அடுத்துக் கால் மரத்தது, அதுவும் தேறியது. மறுபடி வந்தபோது தேறவில்லை. "சீக்காளிய மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்க" என்று சொல்லி அவள் புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். எங்களுக்கே தெரியாததை எப்படி மறைப்பது? அதைக் கேட்க அவர்கள் நிற்கவில்லை.

கால் தெம்பாகட்டும் என்று அம்மா எண்ணெய் தேய்த்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றுவாள். குளித்து எழுந்தால் அக்காவால் நிற்கக்கூட முடியாது, கண்ணும் இருட்டும். அந்தச் சூடுதான் அவளுக்கு ஆகாது என்று திருச்சி டாக்டர் சொன்னபோது அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்கிற அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பித்தான் வேலை செய்யுமாம். அக்கா உடம்பில் அந்தச் சேதி பிசகி, அவை சொந்த நரம்பையே பகையென்று தாக்குகின்றனவாம். தாய் தகப்பன் வழியாக வருகிற ஏதோ சின்ன வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்.

அக்கா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் காட்டி, "இவளுக்கும் வருமா சார்?" என்றாள்.

"பெரும்பாலும் வராதும்மா. ஆனா வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

அந்தப் பதிலின் முன்பாதியை அம்மா எடுத்துக்கொண்டாள். பின்பாதியை அக்கா எடுத்துக்கொண்டாள்.

என்னைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வந்தார்கள். அம்மா அக்காவை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா காதுக்கு ஏதோ எட்டியிருக்க வேண்டும்.

"கெணத்தடி வரைக்கும் நடந்துட்டு வாம்மா" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவர் முகம் தெளிந்தது.

"மூத்த பொண்ணுக்கு என்னங்க?"

"டைபாய்டு வந்து கால் போயிட்டுதுங்க" என்றாள் அம்மா.

கதவு திறந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, டாக்டர் சொன்னதை இரண்டு பாதியும் விடாமல் சொன்னாள். காபியைத் தொடாமலே அவர்கள் எழுந்து போனார்கள்.

"தங்கச்சி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாளைக்கி இவளையும் மறைச்சுக் குடுத்தீங்கன்னு கொண்டாந்து விடணுமாம்மா?"

எனக்கு அக்கா மேல் கோபமே வரவில்லை. இவளைப் போய் அறைக்குள் வைத்துச் சாத்தினோமே என்றுதான் தோன்றியது.

அப்புறம், எல்லாம் தெரிந்தே ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா என் முகத்தைப் பார்க்கமாட்டாள். வாசலிலிருந்து கட்டில்வரை என் காலைத்தான் பார்ப்பாள். தனக்குக் கால் இழுத்தது போல எனக்கும் இழுக்கிறதா என்று பயம்.

பிறகு அவளுக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டன.

"அடுத்த தடவ கொலுசு போட்டுட்டு வாடி. ரெண்டு காலும் ஒரே மாதிரி விழுதான்னு கேக்கணும்."

திட்டிக்கொண்டேதான் வாங்கிப் போட்டேன். கட்டிலை நெருங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். "நல்லாத்தான் நடக்கிற" என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

அக்கா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கொலுசை நான் கழற்றவில்லை. காலையில் எழுந்து அடுப்படிக்குப் போகும்போது நானே காது கொடுத்துக் கேட்கிறேன்.

நல்லாத்தான் நடக்கிறேன், அக்கா.