திரும்பிப் போனவர்களுக்கு ஒரு கட்டம்

எங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் புரண்டு ஓடிய ஒரு காலையில், கடலூரிலிருந்து வண்டிகளை எண்ண வந்திருந்தார் அவர். ஒல்லியான ஆள். மழைக்கோட்டுக்குள் ஒரு அட்டையை அணைத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொரு முறை எழுதியதும் பேனாவை மூடிப் பைக்குள் வைப்பார்.

போக்குவரத்து குறைவு என்று எங்கள் உயர்மட்டப் பாலத்துக்கு இரண்டு முறை நிதி மறுத்திருந்தார்கள். அன்று அம்மாவை டயாலிசிஸுக்குச் சிதம்பரம் கூட்டிப் போக முடியாமல் ஆட்டோ நின்றுவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“தண்ணி போறப்ப வந்து எந்த வண்டிய சார் எண்ணுவீங்க?”

“போற வண்டிய இல்லீங்க, திரும்புற வண்டிய எண்ணுறேன். நீங்க எங்க கெளம்புனீங்க?”

அச்சடித்த படிவத்தில் திரும்பும் வண்டிகளுக்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் ஸ்கேல் வைத்து அவரே ஒன்று போட்டிருந்தார். அதில் எங்களுக்கு ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதினார்.

இப்போது பாலம் வந்துவிட்டது. அந்தத் தாளால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. மழைநாளில் ஆட்டோ பாலம் ஏறும்போதெல்லாம் அம்மா கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துச் சொல்வாள்: “நம்மளயும் எழுதிக்கிட்டாரே, அந்தப் புள்ள நல்லா இருக்கணும்.”